கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா? நீங்களே திறந்து சுத்தம் செய்யலாம்

காலையில் ஆன் செய்யும்போது கம்ப்யூட்டர் ஜோராக ஓடுகிறது. அரை மணி நேரம் போனதும் மவுஸ் நகர மறுக்கிறது. யூடியூப் வீடியோ விட்டு விட்டு வருகிறது. சில நாட்களில் எந்த அறிவிப்பும் இல்லாமல் ‘டப்’ என்று அணைந்துவிடுகிறது. மறுபடி ஆன் செய்தால் உடனே அணைகிறது. பத்து நிமிடம் விட்டுவிட்டு ஆன் செய்தால் ஓடுகிறது.

கம்ப்யூட்டர் வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆன நண்பர்களிடமிருந்து நான் அடிக்கடி கேட்கும் புகார் இது. “வைரஸ் புகுந்திருக்கும்” என்பார் பக்கத்து வீட்டுக்காரர். “பார்மட் அடித்துவிடலாம் சார்” என்பார் கடைக்காரர். பேக்கப் எடுக்காமல் பார்மட் அடித்தால் குழந்தைகளின் போட்டோக்களும் கணக்கு வழக்குகளும் போய்விடும். கோளாறு மட்டும் போகாது. ஏனென்றால் மேலே சொன்ன அறிகுறிகள் பெரும்பாலும் விண்டோஸ் சம்பந்தப்பட்டவை அல்ல. சூடு சம்பந்தப்பட்டவை.

அது சூடுதானா என்று உறுதி செய்வது எப்படி, உறுதியானால் எங்கே கை வைப்பது, எங்கே கை வைக்கவே கூடாது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கே அதிகம் எழுதியிருக்கிறேன். லேப்டாப் பற்றி கடைசியில் சில வார்த்தைகள்.

சூடு போகும் வழி

வீட்டு உபயோக டெஸ்க்டாப் பிராசசர்களில் பல 65 வாட் என்று குறிக்கப்பட்டவை. அதிக வேலை கொடுத்தால் சிறிது நேரத்திற்கு அதைவிடக் கூடுதலாகவும் மின்சாரம் இழுக்கும். எரிந்துகொண்டிருக்கும் பழைய 60 வாட் குண்டு பல்பைத் தெரியாமல் தொட்டவர்களுக்கு அந்தச் சூடு மறக்காது. ஏறக்குறைய அதே அளவு வெப்பம், தபால் தலையைவிடச் சிறிய ஒரு சிலிக்கான் சில்லுக்குள் பிறக்கிறது. அதை அங்கிருந்து ஓயாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

வெப்பம் போகும் வழி இது: சில்லில் இருந்து பிராசசரின் உலோக மூடிக்கு, அங்கிருந்து தெர்மல் பேஸ்ட் என்ற பசை வழியாக ஹீட் சிங்க்கிற்கு, அதன் தகடுகளில் இருந்து ஃபேன் ஊதும் காற்றுக்கு, அந்தக் காற்றோடு கேபினெட்டின் பின்பக்கம் வழியாக உங்கள் அறைக்கு. சாக்கடைக் குழாயைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் அடைத்தாலும் அதற்கு முன்னால் தேங்கும்.

இதில் புதியவர்களுக்குப் புரியாமல் இருப்பது அந்தப் பசை. பிராசசரின் மூடியும் ஹீட் சிங்க்கின் அடிப்பாகமும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், இரண்டிலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. அந்தப் பள்ளங்களில் காற்று நிற்கும். தாமிரம் வெப்பத்தைக் கடத்தும் திறனில் காற்று சுமார் பதினைந்தாயிரத்தில் ஒரு பங்குதான். அதாவது காற்று ஒரு நல்ல கம்பளி. அந்தக் காற்றை விரட்டிவிட்டு அதன் இடத்தில் உட்காருவதுதான் பசையின் வேலை. ஆனால் பசையும் தாமிரத்தைவிட மிக மட்டமான கடத்திதான். எனவே நிறையப் பூசினால் நல்லது என்ற எண்ணம் தவறு. பள்ளம் நிரம்பும் அளவுக்கு மட்டும் இருக்க வேண்டும்.

சூடு அதிகமானால் பிராசசர் எரிந்துவிடுமா? ஒரு காலத்தில் எரிந்தது. 2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் தளத்தினர் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களில் இருந்து ஹீட் சிங்க்கைக் கழற்றிப் படம் பிடித்தார்கள். அன்றைய ஏ.எம்.டி. அத்லான் சில நொடிகளில் புகைந்து போனது. இன்டெல் பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு பிழைத்தது. இன்று விற்பனையாகும் எல்லாப் பிராசசர்களிலும் அந்தத் தற்காப்பு இருக்கிறது. பல பிராசசர்களில் 95 அல்லது 100 டிகிரி செல்சியஸ் எட்டியதும் வேகம் குறையத் தொடங்கும். அதையும் மீறி ஏறினால் மின்சாரம் துண்டிக்கப்படும். ஆகவே உங்கள் கம்ப்யூட்டர் திணறுவதும் அணைவதும் அது தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்யும் காரியம். அதைக் கேட்டு நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. டைப் செய்துகொண்டிருக்கும்போது மின்சாரம் துண்டிக்கப்பட்டால் பிராசசர் பிழைக்கும். சேமிக்காத பைல் பிழைக்காது.

முதலில் உறுதி செய்யுங்கள்

ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் வெப்பமானியை எடுக்க வேண்டும். எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச புரோகிராமை அதன் சொந்தத் தளத்தில் இருந்து இறக்கிக்கொள்ளுங்கள். இயக்கும்போது ‘சென்சார்ஸ் ஒன்லி’ என்ற கட்டத்தை டிக் செய்தால் நேராக அளவீடுகளுக்குப் போகும். நீண்ட பட்டியல் வரும்; மிரள வேண்டாம். இன்டெல் என்றால் ‘சி.பி.யூ. பேக்கேஜ்’, ஏ.எம்.டி. என்றால் ‘டி.டை’ என்று முடியும் வரி, இவ்வளவு போதும். இப்போதைய அளவு, குறைந்தது, அதிகபட்சம் என்று வரிசையாகக் காட்டும்.

அடுத்து பிராசசருக்கு முழு வேலை கொடுக்க வேண்டும். 7-ஜிப் என்ற இலவச புரோகிராம் உங்களிடம் இருந்தால் அதில் ‘டூல்ஸ்’ மெனுவில் ‘பெஞ்ச்மார்க்’ என்று ஒன்று இருக்கும். அதைக் கிளிக் செய்ததும் பிராசசரின் எல்லா கோர்களும் வேலை செய்யத் தொடங்கும். முன்னதாகத் திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்து மூடிவிடுங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரையும் திறந்து, ‘பெர்பார்மன்ஸ்’ பக்கத்தில் வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அங்கே ‘பேஸ் ஸ்பீடு’ என்று ஓர் எண் இருக்கும். முழு வேலையில் இருக்கும்போது வேகம் அந்த எண்ணுக்கும் கீழே சரிந்து, அதே சமயம் வெப்பம் 95-ஐ ஒட்டி நின்றால், சந்தேகமே வேண்டாம், சூடுதான். சும்மா இருக்கும்போது வேகம் குறைவாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். அது மின்சாரச் சிக்கனம்.

சும்மா இருக்கும்போது 40 முதல் 50 டிகிரி, முழு வேலையில் 70 முதல் 85 வரை என்பது நம் ஊர் அறைகளில் கவலைப்பட வேண்டாத அளவு. மே மாதத்தில், மேல் மாடியில், ஏ.சி. இல்லாத அறையில் ஐந்து பத்து டிகிரி கூடத்தான் செய்யும். அறையின் வெப்பத்துக்குக் கீழே எந்த ஃபேனாலும் கொண்டுபோக முடியாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. எத்தனை டிகிரி என்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பதே கோளாறு எங்கே என்று காட்டிக்கொடுக்கும். பெஞ்ச்மார்க் தொடங்கிய நான்கைந்து நொடிகளில் 45-ல் இருந்து 95-க்குத் தாவினால், வெப்பம் ஹீட் சிங்க்கிற்கே போய்ச் சேரவில்லை என்று பொருள். பசை காய்ந்திருக்கலாம், ஹீட் சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கலாம். அப்படி இல்லாமல் மெல்ல மெல்லக் கால் மணி நேரத்தில் 95-க்குப் போனால், ஹீட் சிங்க் தன் வேலையைச் செய்கிறது. அதிலிருந்து காற்றுதான் வெப்பத்தை எடுத்துப் போகவில்லை. அது தூசி, அல்லது ஃபேன், அல்லது கேபினெட்டை வைத்திருக்கும் இடம். (உயர் ரகப் பிராசசருக்குச் சின்ன கூலர் பொருத்தியிருந்தாலும் வெப்பம் இப்படித் தாவும். அதற்குப் பெரிய கூலர்தான் வழி.)

கார் மெக்கானிக்குகளும் இப்படித்தான் யோசிக்கிறார்கள். காரின் ஏ.சி. நெடுஞ்சாலையில் ஜில்லென்று இருந்து, சிக்னலில் நிற்கும்போது மட்டும் சூடான காற்று வந்தால், அவர்கள் உடனே கேஸ் போய்விட்டது என்று சொல்ல மாட்டார்கள். வண்டி ஓடும்போது தானாகக் காற்று கிடைக்கிறது, நிற்கும்போது கிடைக்கவில்லை, ஆகவே கண்டென்சர் ஃபேனையும் அதன் முன் அடைத்திருக்கும் மண்ணையும் பார்ப்பார்கள். எப்போது கெடுகிறது என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இன்னொரு சோதனை: கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு அதே பெஞ்ச்மார்க்கை ஓட்டுங்கள். வெப்பம் எட்டு, பத்து டிகிரி இறங்கினால் கேபினெட்டுக்குள் காற்று ஓட்டம் சரியில்லை. இறங்கவே இல்லை என்றால் பிராசசருக்கு மேலே இருக்கும் கூலரைப் பாருங்கள்.

வெப்பம் 70-ஐத் தாண்டாமலே கம்ப்யூட்டர் அணைகிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. பவர் கார்டு தளர்ந்திருக்கிறதா, யு.பி.எஸ். பேட்டரி போய்விட்டதா, எஸ்.எம்.பி.எஸ். பழுதா என்று அந்தத் திசையில் தேடுங்கள். ஆன் செய்த முதல் நிமிடத்தில் இருந்தே மந்தமாக இருந்தால் ராம் போதாமை அல்லது பழைய ஹார்டு டிஸ்க் மீது சந்தேகப்படலாம்.

திறப்பதற்கு முன்

வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள். பிராண்டட் கம்ப்யூட்டர்களில் மூடியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், கம்பெனியைக் கேட்காமல் கிழிக்காதீர்கள்.

ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பிறகு பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்துங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் பெரும்பாலும் வடிந்துவிடும். உள்ளே எதையும் தொடுவதற்கு முன் கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொடுங்கள்; உடம்பில் சேர்ந்திருக்கும் நிலை மின்சாரம் அதில் போய்விடும். பாலியெஸ்டர் விரிப்பின் மேல் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டாம். மொபைலில் நாலா பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் எங்கே இருந்தது என்று பிறகு மனைவியிடம் கேட்டுப் பயனில்லை.

கை வைக்கவே கூடாத இடம் ஒன்று உண்டு: எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் அந்த இரும்புப் பெட்டி. அதற்குள் இருக்கும் கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது அங்கேயே இருக்கலாம். வெளியில் இருந்து காற்று ஊதலாம். அதன் ஸ்க்ரூக்களைக் கழற்றக் கூடாது.

தூசி தட்டுதல்

கேபினெட்டை பால்கனிக்கோ மொட்டை மாடிக்கோ தூக்கிச் சென்றுவிடுங்கள். வீட்டுக்குள் ஊதினால் அந்தத் தூசி ஒரு வாரத்தில் மறுபடி கேபினெட்டுக்குள்ளேதான் வரும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

மெல்லிய பெயிண்ட் பிரஷ் ஒன்று புதிதாக வாங்குங்கள். ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் கை ப்ளோயர் இருந்தால் வேலை சுலபம். அதை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, விட்டு விட்டு ஊதுங்கள். ஊதும்போது ஒவ்வொரு ஃபேனின் இறக்கையையும் விரலாலோ பென்சிலாலோ பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் தறிகெட்டுச் சுழன்றால் அதன் பேரிங் கெடும். பஞ்சர் கடை கம்ப்ரசரில் ஊதிக்கொண்டு வரலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். அந்த அழுத்தம் மிக அதிகம்; காற்றோடு தண்ணீர்த் துளியும் எண்ணெயும் சேர்ந்து வரும். வேக்குவம் கிளீனரின் முனையை மதர்போர்டில் உரசவும் வேண்டாம். நிலை மின்சாரம் உண்டாகும்.

பிராசசர் ஃபேனுக்கு அடியில் பாருங்கள். தகடுகளின் இடையே தூசி கம்பளி போலப் படிந்திருக்கும். மேலே இருந்து பார்த்தால் ஃபேன் சுத்தமாகத் தெரியும். அடைப்பு அதற்குக் கீழே. பிரஷ்ஷால் கிளறி, பிறகு ஊதுங்கள். அடுத்து கேபினெட்டின் முன்பக்க வலை. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். காற்று உள்ளே வரும் வாசலே அதுதான். கழற்ற முடிந்தால் கழற்றி, தண்ணீரில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். அடுப்படிக்குப் பக்கத்து அறை என்றாலும், தினமும் சாம்பிராணி போடும் அறை என்றாலும் தூசி எண்ணெய்ப் பசையோடு ஒட்டியிருக்கும். அது ஊதினால் போகாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த துணியால் ஃபேன் இறக்கைகளைத் துடையுங்கள்.

ஆயுத பூஜை அன்று கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைப்பது நம் வழக்கம். தாராளமாக வையுங்கள், காற்றுத் துளைகளை விட்டுத் தள்ளி. அன்று காலை ஈரத்துணியால் உள்ளே துடைப்பது மட்டும் கூடாது.

பசை மாற்றுவது எப்போது?

தூசி தட்டியதும் வெப்பம் இறங்கிவிட்டால் பசையைத் தொடாதீர்கள். நன்றாக இருப்பதைக் கழற்றிக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சில நொடிகளில் தாவும் வகைக் கோளாறு என்றால் மட்டுமே இந்தப் பகுதி உங்களுக்கு.

எங்கள் தெருவில் ஒரு அக்கா வீட்டிலேயே தமிழ் டைப்பிங், கல்யாணப் பத்திரிகை டிசைன் எல்லாம் செய்து கொடுக்கிறார். மகனின் கல்லூரிப் பீஸ் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்துதான் வருகிறது. முகூர்த்த மாதத்தில் அது பத்து நிமிடத்திற்கு ஒருமுறை அணையத் தொடங்கியது. காட்டிய இடத்தில் பிராசசரும் மதர்போர்டும் மாற்ற வேண்டும் என்று பதினான்காயிரம் ரூபாய் சொன்னார்கள். நான் போய்ப் பெஞ்ச்மார்க்கை ஓட்டினேன். மூன்று நொடியில் 98. மூடியைத் திறந்து பார்த்தால், கூலரைப் பிடித்திருக்கும் நான்கு பின்களில் ஒன்று மேலே எழும்பி நின்றது. அதை மட்டும் அழுத்திவிட்டால் போதாது. இடையில் காற்றுப் புகுந்த பழைய பசை மறுபடி சரியாக ஒட்டாது. கழற்றித் துடைத்து, 250 ரூபாய் பசை வாங்கிப் பூசி, நான்கு பின்களையும் ஒழுங்காக மாட்டியதும் முழு வேலையில் 74-ல் நின்றது. அன்று இரவே இரண்டு பத்திரிகைகளை அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

பல இன்டெல் பிராசசர்களோடு பெட்டியில் வரும் கூலரில் இந்தப் பிளாஸ்டிக் பின்கள்தான் இருக்கும். பின்னின் தலையில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது காட்டும் திசையில் கால் சுற்றுத் திருப்பி மேலே இழுத்தால் கழலும். மறுபடி மாட்டும்போது எதிர்த்திசையில் திருப்பி வைத்துவிட்டு, எதிரெதிர் மூலைகளில் இருப்பவற்றை ஜோடியாக அழுத்த வேண்டும். ‘க்ளிக்’ சத்தம் வரும். மதர்போர்டின் பின்புறம் நான்கு முனைகளும் எட்டிப் பார்க்கின்றனவா என்று சரிபாருங்கள். ஏ.எம்.டி. கூலர்கள் சிலவற்றில் ஸ்க்ரூ, சிலவற்றில் கொக்கி.

ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் ஊசிகள் பிராசசரின் அடியில் இருக்கும். காய்ந்த பசை கோந்து போலப் பிடித்திருக்கும்போது கூலரை நேராக மேலே இழுத்தால், பிராசசரும் சாக்கெட்டில் இருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், ஊசிகள் வளையும். எனவே பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓட்டி, பசை இளகியதும் அணைத்து, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி, பிடி விட்ட பிறகே தூக்குங்கள்.

பழைய பசையைத் துடைக்க அதே ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். கை கழுவும் சானிட்டைசர் வேண்டாம். அதில் கிளிசரினும் தண்ணீரும் கலந்திருக்கும். இரண்டு பரப்புகளும் பளிச்சென்று காய்ந்ததும், பிராசசரின் நடுவில் சின்னப் பட்டாணி அளவு பசை வையுங்கள். விரலால் தேய்க்க வேண்டாம். கூலரை வைத்து அழுத்தும்போது தானாகப் பரவும். ஃபேன் ஒயரைப் பழைய இடத்திலேயே சொருகுங்கள். மறந்துவிட்டால் பல மதர்போர்டுகள் ‘சி.பி.யூ. ஃபேன் எரர்’ என்று சொல்லி நின்றுவிடும்.

ஃபேன் சத்தம்

‘டகடக’ என்று சீராக அடித்தால் ஏதோ ஒரு ஒயர் இறக்கையில் உரசுகிறது. ஒதுக்கிக் கட்டினால் சரி. காலையில் மட்டும் ‘கர்ர்’ என்று கத்திவிட்டுப் பிறகு அடங்கினால் பேரிங் தேய ஆரம்பித்திருக்கிறது. நடுவில் இருக்கும் ஸ்டிக்கரை நீக்கித் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவது பழைய வைத்தியம். சில வாரம் தாங்கும். அதற்குள் புது ஃபேன் வாங்கிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள்; அது பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

கேபினெட் ஃபேன் வாங்கும்போது பழையதை அளந்து செல்லுங்கள். 80, 120 மில்லிமீட்டர் அளவுகள் சாதாரணமாகக் கிடைக்கும். மாட்டும்போது திசை முக்கியம். குறுக்குச் சட்டங்கள் இருக்கும் பக்கமாகத்தான் காற்று வெளியே வரும். முன்பக்க ஃபேன் உள்ளே இழுக்க வேண்டும், பின்பக்க ஃபேன் வெளியே தள்ள வேண்டும். பின்பக்கத்தில் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரைப் பிடித்துப் பாருங்கள். அது கேபினெட்டோடு ஒட்டிக்கொண்டால் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள்.

இவ்வளவும் செய்துவிட்டுக் கேபினெட்டைப் பழையபடி கம்ப்யூட்டர் டேபிளின் அந்த மரப் பொந்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்துபவர்கள் இருக்கிறார்கள். அது வெளியே விட்ட சூட்டையே மறுபடி உள்ளே இழுக்கும். சுவருக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே ஒரு சாண் இடம் விடுங்கள். தூசி படாமல் இருக்கக் கவர் போடுவதாக இருந்தால் அணைத்து ஆறிய பிறகு போடுங்கள். தரையில் நேராக வைக்காமல் ஒரு பலகை மேல் வைத்தால் தூசி குறையும். பல்லி, எறும்பு உள்ளே போகாமல் இருக்க, பின்பக்கம் திறந்திருக்கும் காலி ஸ்லாட்டுகளுக்குத் தகடு போடச் சொல்லுங்கள். சாலை ஓர வீடு என்றால் மூன்று மாதத்திற்கு ஒருமுறை, மற்றவர்கள் ஆறு மாதத்திற்கு ஒருமுறை திறந்து பார்த்தால் போதும்.

லேப்டாப் வைத்திருப்பவர்கள்

மெத்தையின் மேலும் தலையணையின் மேலும் வைத்து வேலை செய்யாதீர்கள். பல லேப்டாப்கள் அடிப்பக்கத் துளைகள் வழியாகத்தான் காற்றை இழுக்கின்றன. கடினமான பரப்பில், பின்பக்கத்தை ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து உயர்த்தினாலே சில டிகிரி இறங்கும். அடைப்பு பெரும்பாலும் ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே ஒரு துணித் துண்டு போலச் சேர்ந்திருக்கும். வெளியே இருந்து ஊதினால் சில சமயம் அது இன்னும் இறுக்கமாகப் போய் உட்கார்ந்துவிடும். எனவே வாரண்டி முடிந்த பிறகு, கைப்பழக்கம் உள்ளவரிடம் கொடுத்து அடி மூடியைத் திறந்து சுத்தம் செய்துகொள்வதே நல்லது. அவர் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுகிறாரா என்று கவனியுங்கள். டச் பேடு மேலே தூக்கியிருந்தாலோ, லேப்டாப் மேசையில் சமமாக உட்காரவில்லை என்றாலோ பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அப்போது சார்ஜ் போடாமல், அழுத்தாமல், குத்திப் பார்க்காமல் அணைத்து, அப்படியே சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் செல்லுங்கள்.